கும்பிடும் பிள்ளை

பனியன் தூசியைச் சுவாசித்தே வளர்ந்தவர்களுக்குச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொன்னால் பாதிதான் ஏறும். காலையில் மூக்கைச் சிந்தினால் முந்தின நாள் கம்பெனியில் என்ன கலர் ஓடியது என்று தெரிந்துவிடும். அந்தத் திருப்பூரில், அந்த வயதில் இருந்தவர்கள் நாம். இப்போது நமக்கெல்லாம் சர்க்கரை, முழங்கால் வலி. ஆனாலும் நம்மைப் பார்த்து யாரும் பாவம் என்று சொல்ல முடியாது. வேலம்பாளையத்தில் என் கம்பெனி என்று சொன்னால் ஆட்டோக்காரன் வழி கேட்காமல் கொண்டுவந்து இறக்குவான். வெள்ளைக்காரன் என் ஆபீசில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து ராகி வடை தின்றிருக்கிறான். ஆறாம் வகுப்பில் பாதியில் நின்ற பொம்பளை நான். எனக்கு அப்பன் சொத்தும் இல்லை, புருஷன் சொத்தும் இல்லை.

ஏன் படிப்பை விட்டீர்கள் என்று கேட்பவர்களிடம் வசதி இல்லை என்று சொல்லி வந்திருக்கிறேன். மேடையில் ஒருமுறை பொன்னாடை போட்டபோதும் அதையேதான் சொன்னேன். கை தட்டினார்கள். வசதி இல்லாதது வாஸ்தவம். ஆனால் நான் நின்றது அதனால் இல்லை. என் தம்பியைத் தூக்கிக்கொண்டு இருந்ததால் நின்றேன்.

எங்கள் அப்பா கட்டிங் மாஸ்டர். வெள்ளகோவில் பக்கத்திலிருந்து வந்தவர். துணியை அடுக்கடுக்காக விரித்துப் போட்டு, அட்டையை வைத்து வரைந்து, மெஷினால் வெட்டுவார். அம்மா அதே கம்பெனியில் பீஸ் மடித்துப் பெட்டியில் அடுக்குவாள். கம்பெனிக்குப் பின்னாலேயே வரிசை வீடுகள். ஒரே சுவர், ஒரே ஓட்டுக்கூரை, எட்டு வாசல். அதில் கடைசி வாசல் எங்களுடையது. அங்கேதான் ஒரு சித்திரை வெயிலில் தம்பி பிறந்தான். எனக்குப் பிறகு பல வருஷம் கழித்துப் பிறந்த பையன். அப்பா கம்பெனி முழுக்க லட்டு கொடுத்தார்.

அவன் தொட்டிலை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நிட்டிங் மெஷினிலிருந்து குழாய் மாதிரி இறங்குமே பனியன் துணி, அதை வெட்டாமல் அப்படியே உத்தரத்தில் கட்டியிருந்தார் அப்பா. துணிக்கு இழுவை அதிகம். பிள்ளையைப் போட்டால் தொட்டில் மெல்ல மெல்லக் கீழே இறங்கும். சாயங்காலத்துக்குள் தரையைத் தொட்டுவிடும். அம்மா வேலை முடிந்து வந்து, "உன் தம்பி படியிறங்கி வந்துட்டானா?" என்று கேட்பாள். நான் மறுபடி முடிச்சை ஏற்றிக் கட்டுவேன். அந்த மாதிரித் துணி இப்போது என் கம்பெனியில் டன் கணக்கில் ஓடுகிறது. அதில் தொட்டில் கட்டுகிறவர்கள் ஒருவரும் இல்லை.

தம்பி அழகன். நிறைய முடி. நெற்றி மட்டும் இரண்டு பக்கமும் கொஞ்சம் ஒடுங்கியிருக்கும். அது எங்கள் பெரியப்பா நெற்றி என்று சொல்லிக்கொண்டார்கள். பால் குடிக்க நேரமாகும். உடம்பு பஞ்சு மூட்டை மாதிரி, தூக்கினால் கைக்கு இருபுறமும் வழியும். தலை நிற்கவில்லை. மூன்று மாதத்தில் நிற்க வேண்டிய தலை ஐந்து மாதமாகியும் பின்னால் சாய்ந்தது.

அடுத்த வாசலில் தம்பிக்குப் பின்னால் பிறந்த ஒரு பெண் குழந்தை இருந்தது. அது ஒருநாள் குப்புற விழுந்துவிட்டது. பிள்ளை குப்புற விழுந்தால் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கம் கொடுப்போம் இல்லையா, அவர்களும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"உங்க பையன் இன்னும் உழுகலீங்களா?" என்று அந்த அம்மா கேட்டாள்.

"உழுந்துருவானுங்க. எங்க வகையறாவுல எல்லாமே கொஞ்சம் லேட்டாத்தானுங்க" என்று சிரித்தாள் அம்மா. அன்று ராத்திரிக்கே அரிசியை ஊறப்போட்டாள். நாளைக்கு அவனும் விழுந்தால் மாவு தயாராக இருக்க வேண்டுமாம். அந்த அரிசி புளித்து, இட்லிக்குப் போனது. அடுத்த வாரம் மறுபடி ஊறப்போட்டாள். அம்மாவுக்கு அந்த வருஷம் வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்: தம்பியின் தலை நிற்க வேண்டும். "தலை மட்டும் நிக்கட்டும், மீதியெல்லாம் தானா வந்துரும்" என்பாள், எண்ணெய் தேய்க்கும்போதெல்லாம்.

புரட்டாசியில் அவன் முதல் கும்பிடு போட்டான்.

மத்தியானம் அவனைப் பால் குடிக்க வைக்க நான் கம்பெனிக்குத் தூக்கிப் போயிருந்தேன். அம்மா மடியில் தூங்கி, அப்போதுதான் கண் விழித்தான். அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் சாம்பிள் பை. எல்லாரும் எழுந்தார்கள். தம்பி இரண்டு கையையும் அகல விரித்தான். தலையும் உடம்பும் மடங்கி முன்னால் குனிந்தன. கைகள் நெஞ்சுக்கு நேரே வந்து சேர்ந்தன. ஒரு நொடி அப்படியே நின்று, தளர்ந்தான். மறுபடியும் செய்தான். மறுபடியும்.

முதலாளி நின்றுவிட்டார்.

"அட, என்றா இது! எங்கூட்டுப் பசங்ககூட என்னைக் கண்டா எந்திரிக்க மாட்டேங்கறானுக. இவன் கும்புடறான்!"

"மொதலாளியக் கண்டா மரியாதைங்க" என்றார் அப்பா. முகம் முழுக்கப் பல்.

அம்மா குனிந்து அவன் உச்சியில் முகம் வைத்தாள். அவன் செய்த முதல் காரியம் அது. சிரித்ததில்லை, குப்புற விழுந்ததில்லை, விரலை நீட்டினால் பிடித்ததில்லை. செய்தது இது ஒன்று.

அன்றைக்குச் சாயங்காலமே முதலாளிக்கு பம்பாயிலிருந்து போன் வந்தது. சாம்பிள் பாஸ், ஆர்டர் அவருக்கு. அதுவரை உள்ளூர்க் கடைகளுக்கு ஜட்டி, பனியன் போட்டுக்கொண்டிருந்தவர், முதல் முறையாக வெளிநாட்டுக்கு அனுப்பப் போகிறார். வாழைப்பழத் தாரோடு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்.

"மாஸ்டரு, உம்பட பையன் ராசிக்காரன் போ. இனி நம்ம வண்டி எது கெளம்பினாலும் இவன் ஒரு வணக்கம் வெச்சுத்தான் கெளம்போணும்."

அது சட்டமாகிவிட்டது. லாரியில் பெட்டி ஏற்றும்போது, புது மெஷின் இறங்கும்போது, சரக்கு வாங்கும் பையர் கார் வரும்போது, "அம்மிணி, தம்பியக் கூட்டிட்டு வா" என்று ஆள் வரும். காலாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது நான் போகவில்லை. யாரும் போகச் சொல்லவும் இல்லை. எனக்கும் அப்போது அது பெருமைதான். பாவாடை சட்டையில் இடுப்பில் தம்பியோடு நான் நடந்தால் பவர்டேபிள் தையல் வரிசையே திரும்பிப் பார்க்கும்.

அவன் எப்போது கும்பிடுவான் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். விழித்திருக்கும்போது என்ன கெஞ்சினாலும் செய்ய மாட்டான். தூங்கி விழிக்கிற நேரம்தான். அதனால் லாரி வரும் நேரத்துக்கு அவனைத் தூங்க வைத்து, முதலாளி எதிரில் வந்ததும் உள்ளங்காலைச் சுரண்டுவேன். கண் திறப்பான். ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வரும். முடிந்ததும் அழுவான். சாதாரண அழுகை இல்லை அது. யாரோ எதிர்பாராமல் கையைத் தட்டிவிட்ட மாதிரி ஒரு திடுக்கிட்ட அழுகை. "கூச்சப்படறான்" என்பார்கள். எங்கள் பக்கம் மரியாதைக்குப் பேர் போனது. ஐந்து மாதப் பிள்ளை முதலாளிக்கு வணக்கம் வைத்தால் அதில் சந்தேகப்பட ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஓவர்லாக் மெஷினில் தைக்கும் தெற்கத்தி அக்கா ஒருத்தி இருந்தாள், தென்காசிப் பக்கம். அவள் மட்டும் கேலி பண்ணுவாள்.

"ஏலே ராசா, அந்த மொதலாளிக்கே போடுதியே, எனக்கு ஒண்ணு போடப்பிடாதா? எங்க கோயில் ஃபாதருக்குக்கூட இம்புட்டு மரியாத கெடயாதுல. எனக்கு ஒண்ணு போடு, மேஸ்திரி சம்பளத்தக் கூட்டுதாரான்னு பாப்போம்."

"உங்களுக்கெல்லாம் போடமாட்டானுங்கக்கா, லாரி வாங்கிட்டு வாங்க" என்பேன். அவள் என் தலையில் தட்டுவாள். அவள் கையில் எப்போதும் மெஷின் எண்ணெய் வாசனை இருக்கும்.

மார்கழி வந்தது. தலை நிற்கவில்லை. அம்மா வைத்தியர் எண்ணெய், குலதெய்வத்து மண் எல்லாம் பார்த்துவிட்டாள். கடைசியில் முதலாளிதான் சொன்னார்: "ராசிக்காரனுக்குத் தலை நிக்காம இருந்தா நல்லாவா இருக்குது? கோயமுத்தூர்ல மூளை நரம்பு டாக்டர் இருக்கறாரு, எங்கூட்டுக் கார்லயே போயிட்டு வாங்க." அந்த மனிதரைப் பற்றி நான் இனிமேல் சொல்லப் போவதை வைத்துக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். அன்றைக்குத் தன் காரைக் கொடுத்த முதலாளி திருப்பூரிலேயே வேறு யாரும் இல்லை.

டாக்டர் வயதானவர், மெதுவாகப் பேசுகிறவர். அவர் அறைக்குள் நுழைந்தபோது தம்பி அம்மா தோளில் விழித்தான். விழித்ததும் ஆரம்பித்தான். அப்பா கையைக் கட்டிக்கொண்டு, "பாருங்க சாமி, உங்களையும் கும்புடறான்" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை விட்டு எழுந்து வந்து, அது ஓயும்வரை அவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தன மாசமா இப்படி?"

"புரட்டாசியில இருந்துங்க. எல்லாத்தையும் கும்புடுவானுங்க."

"இது கும்பிடறதில்லீங்க" என்றார். "இது வலிப்பு."

அப்பாவின் கட்டிய கை அப்படியே இருந்தது. அம்மா டாக்டரைக் கோபமாகப் பார்த்தாள். எனக்கு அம்மாவின் பக்கம்தான் நியாயம் என்று பட்டது. வலிப்பு என்றால் வாயில் நுரை வரும், கையில் சாவி கொடுப்பார்கள், அதெல்லாம் நான் சந்தையில் பார்த்திருக்கிறேன். இவன் எவ்வளவு பணிவாகக் குனிகிறான்!

தலையைப் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். பெரிய வளையம் மாதிரி மெஷின். எடுத்துவிட்டு, பதில் சொல்ல இன்னொரு நாள் வரச் சொன்னார்கள். அந்த இன்னொரு நாளில் அம்மா வரவில்லை. அவிநாசிக் கோயிலில் விளக்குப் போடுவதாக வேண்டியிருந்தாள். பதில் வருகிற நேரத்தில் சாமி முன்னால் இருந்தால் பதில் நல்லதாக இருக்கும் என்பது அவள் கணக்கு. போகும்போது அவிநாசியில் இறங்கிக்கொண்டாள். அப்பாவும் நானும் தம்பியும் கோயமுத்தூர் போனோம்.

டாக்டர் படத்தை வெளிச்சப் பெட்டியில் மாட்டினார். பக்கத்தில் வேறு யாருடைய படத்தையோ மாட்டினார்.

"இது சாதாரண மூளைங்க. பாருங்க, ஓரமெல்லாம் மடிப்பு மடிப்பா இருக்குது. இது உங்க பையனோடது."

தம்பியின் படத்தில் மடிப்பு எதுவும் இல்லை. ஓரம் வழுவழுவென்று, தேய்த்துக் கழுவிய கிண்ணம் மாதிரி இருந்தது. எனக்கு அதுதான் பார்க்க அழகாக இருந்தது.

"கர்ப்பத்துல மூணு நாலு மாசத்துல மூளைக்குள்ள இருக்கற செல்லுங்க எல்லாம் நடுவுல இருந்து கெளம்பி வெளி ஓரத்துக்குப் போய்ச் சேரணும். அப்பத்தான் இந்த மடிப்பெல்லாம் உண்டாகும். இவனுக்குப் பாதி வழியிலயே நின்னுபோச்சுங்க."

அப்பா யோசித்தார். தனக்குத் தெரிந்த விதத்தில் கேட்டார்: "தென்காசியில இருந்து திருப்பூருக்கு பஸ் ஏறுனவன் தாராபுரத்துலயே எறங்கிட்ட மாதிரிங்களா?"

"ஒருத்தன் இல்லீங்க. பஸ்ஸோட எல்லாரும்."

"மறுக்கா ஏத்தியுட முடியாதுங்களா?"

"அந்த பஸ்ஸு அம்மா வயித்துல இருந்தப்பவே போயிருச்சுங்க. இனி வராது."

மீதியை டாக்டராகவே சொன்னார். தலை நிற்காது. நடக்க மாட்டான். அம்மா என்று கூப்பிட மாட்டான். ரொம்ப வருஷம் இருக்கவும் மாட்டான். மருந்து வலிப்பைக் குறைக்கும், மூளையை மாற்றாது. யாருடைய தப்பும் இல்லை, தாய் எதையும் தின்றதாலோ தூக்கினதாலோ வந்தது இல்லை. பிறகு சீட்டில் எழுதிக்கொண்டே, "மாத்திரையத் தவறாம குடுங்க" என்றார். எல்லா டாக்டரும் எல்லா மாத்திரைக்கும் சொல்லும் சொல்தான் அது.

அந்த நோய்க்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. லிஸ்ஸென்செஃபலி என்று என் மருமகள் எழுதிக் காட்டினாள். என் நாக்குக்கு அது வளையாது. இன்றைக்கு நான் நினைத்தால் எந்தப் பெரிய ஆஸ்பத்திரியிலும் வரிசையில் நிற்காமல் உள்ளே போவேன். போனேன், கேட்டும் பார்த்தேன். எவ்வளவு பணம் வேண்டுமானாலும் என்று வாயால் சொல்லியும் பார்த்தேன், இறந்துபோன பிள்ளைக்காக. பதில் இன்றைக்கும் அந்தக் கிழவர் சொன்னதுதான்.

திரும்பும் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தம்பியை மடியில் படுக்க வைத்திருந்தார். கருமத்தம்பட்டி தாண்டியதும் என் பக்கம் திரும்பினார்.

"கண்ணு, டாக்டரு சொன்னது உனக்கு வெளங்குச்சா?"

"வெளங்குச்சுங்கப்பா."

"அம்மாகிட்ட சொல்லாத."

"ஏனுங்கப்பா?"

"சொல்லாதன்னா சொல்லாத, தங்கம்."

அவிநாசி பஸ் ஸ்டாண்டில் அம்மா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஏறினாள். நெற்றி நிறைய விபூதி. ஒரு கையில் வாழை இலையில் சுற்றிய பிரசாதம். உட்காரக்கூட இல்லை.

"ஏனுங்க, என்ன சொன்னாரு?"

அப்பா அவளுக்கு இடம் விட்டு எழுந்தார். "மருந்து குடுத்திருக்காரு. குடிச்சா மெல்ல மெல்லத் தலை நிக்குமாமா."

அம்மா பஸ்ஸிலேயே அழுதாள். பக்கத்து சீட்டுக்காரிகள் எல்லாம் என்ன என்று கேட்க, அவர்களுக்கும் பிரசாதம் கொடுத்தாள்.

மாத்திரையைத் தூளாக்கித் தேனில் குழைத்து ஊட்டுவது அப்பாவின் வேலை. விடிகாலையில் அம்மா தண்ணீர் பிடிக்கப் போகும் நேரத்தில் செய்துவிட்டு ஷிப்டுக்குப் போவார். தை முடிவதற்குள் கும்பிடு குறைந்தது. மாசியில் நின்றேபோனது. திடுக்கிட்ட அந்த அழுகையும் நின்றது. ரொம்ப நேரம் தூங்கினான்.

அம்மா பூரித்துப் போனாள். "பாத்தியா, உதறலு நின்னுபோச்சு. இனித் தலைதான்." ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "என்னையப் பாத்துச் சிரிச்சான் புள்ள, இப்பத்தான், நெசமா" என்றாள். நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். அவன் கண்கள் உத்தரத்தின் பக்கம் இருந்தன. "ஆமாங்கம்மா, சிரிக்கறான்" என்றேன்.

கம்பெனியில் வேறு பேச்சு. அந்த மாசியில் போன சரக்கு ஒன்று சாயம் போகிறது என்று திரும்பி வந்தது. அடுத்த ஆர்டர் இழுத்துக்கொண்டே இருந்தது. லாரி கிளம்பும்போது நான் தம்பியை எழுப்புவேன். அவன் மெல்லக் கண்ணைத் திறந்து, மூடிக்கொள்வான்.

"என்னம்மிணி, ராசிக்காரன் நம்மமேல கோவமா?" என்பார் முதலாளி. சிரிப்பு முகத்தில் பாதிதான் வரும்.

வைகாசியில் அவர் புதுக் கட்டடம் திறக்க முகூர்த்தம் குறித்தார். வட்டிக்கு வாங்கிக் கட்டியது. அங்கே கட்டிங் முழுவதையும் அப்பாவுக்கே காண்டிராக்ட் விடுவதாகப் பேச்சு. அப்பாவின் கீழே ஆட்கள் இருப்பார்கள். அப்பாவுக்கும் அது ஒரு பெரிய கதவு. ஒருநாள் கட்டிங் மேஜைக்குப் பக்கத்தில் நான் வேஸ்ட் துணி பொறுக்கிக்கொண்டிருக்கும்போது முதலாளி வந்தார்.

"மாஸ்டரு, தெறப்பு விழாவுக்கு உம்பட பையன் ஒரு வணக்கம் வெச்சா எனக்கு மனசு நெறையும். அதுக்கு ஏதாச்சும் வழி பாரு."

"டாக்டரு அத வலிப்புன்னு சொல்லிப்போட்டாருங்களே மொதலாளி."

"டாக்டருக்கு எல்லாம் நோயிதான். ஒரு வணக்கம். அதுக்கப்பறம் நான் கேக்கவே மாட்டேன்."

அப்பா கத்தரித்த துணியைத் தட்டி நேராக்கினார். "பாக்கறனுங்க" என்றார். என்ன பார்ப்பார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை.

திறப்பு விழா காலையில். புதுச் சுண்ணாம்பு வாசனை, ஹோமப் புகை, மைக்செட். வரிசை வரிசையாகப் புது மெஷின்கள், எல்லாவற்றுக்கும் சந்தனப் பொட்டு. தம்பிக்குப் பட்டுத் துணியில் குட்டி வேட்டி. தூங்கிக்கொண்டிருந்தான். முதலாளி மாலையோடு முதல் மெஷினுக்கு முன்னால் நின்று, "எங்க நம்ம ராசிக்காரன்?" என்றார். அப்பா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். உள்ளங்காலைச் சுரண்டினேன்.

கை விரிந்தது. குனிந்தான்.

கூட்டம் கை தட்டியது. தெற்கத்திப் பெண்கள் குலவை போட்டார்கள். முதலாளி கண் கலங்கித் திருப்பிக் கும்பிட்டார். தம்பி மறுபடி குனிந்தான். மறுபடி. "போதும் சாமி, போதும்!" என்று சிரித்தார் முதலாளி. மறுபடி. அவன் உடம்பு என் கையில் மடங்கி மடங்கி விறைத்தது. இடைவெளியே இல்லை. மற்ற நாளில் ஒரு கும்பிடுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் என்மேல் சாய்வான், அன்று சாயவில்லை. குலவையில் முதலில் நின்றது அந்த ஓவர்லாக் அக்காவின் சத்தம்.

"ஏட்டி, பிள்ளைக்கு உதடு கறுக்கு பாரு! பிள்ளைய வாங்குங்க யாராச்சும்!"

அம்மா பெட்டிகளின் மேலேயே ஏறி வந்து அவனைப் பிடுங்கினாள்.

முதலாளியின் காரில்தான் போனோம். மாலை கழுத்தில் இருக்க அவரே ஓட்டினார். பெரியாஸ்பத்திரியில் ஊசி மேல் ஊசி போட்டார்கள். மத்தியானம்தான் ஓய்ந்தது. இளவயது டாக்டர் ஒருவர் வந்து, "மருந்து ஒழுங்கா குடுத்தீங்களா?" என்று கேட்டார்.

"குடுத்தமுங்க, ஒரு நாள் தவறலீங்க" என்றாள் அம்மா.

அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பொய் சொல்லியிருக்கலாம். அவர் மட்டும்தானே ஊட்டுகிறவர், யாருக்கும் தெரிந்திருக்காது.

"நாலஞ்சு நாளா நான் குடுக்கலீங்க" என்றார்.

டாக்டர் திட்டினார். இந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் இப்படித்தான் ஆகும் என்றார். எனக்கு அந்தத் திட்டு காதில் விழவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்த பார்வைதான் இன்றும் இருக்கிறது. அவள் அவரோடு பேசுவதை அன்றைக்கு நிறுத்தினாள்.

தம்பி வீட்டுக்கு வந்தான். ஆனால் விழுங்க மறந்துவிட்டான். பாலாடையில் ஊற்றினால் கடைவாயில் வழியும், கொஞ்சம் நெஞ்சுக்குப் போய்விடும். சளி கட்டியது. ஆடிக் காற்று வரிசை வீட்டு ஓடுகளைப் படபடவென்று அடித்த ஒரு பகலில், அம்மா எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, மூச்சு நின்றுபோனது. ஓடைக்கரையில் புதைத்தோம். தலை கடைசிவரை நிற்கவில்லை.

அப்பா அந்தக் காண்டிராக்டை எடுக்கவில்லை. முதலாளி வீட்டுக்கு வந்து அழைத்தார், அப்பா கும்பிட்டு அனுப்பிவிட்டார். வேறு கம்பெனியில் கூலிக்கே கத்தரித்தார். நான் பள்ளிக்கூடம் திரும்பவில்லை. தைப்பவர்களுக்குக் கை மடித்துக் கொடுத்தேன், செக்கிங் போனேன், பவர்டேபிள் உட்கார்ந்தேன், மெஷின் வாங்கினேன், ஆள் வைத்தேன். மீதிக் கதை உங்களுக்குத் தெரியும், தெரியாதவர்களுக்கு என் கட்டடத்தைக் காட்டுங்கள்.

வீட்டில் மட்டும் வருஷக்கணக்கில் ஒரே பேச்சு, அதுவும் என் வழியாக. "உங்கப்பனச் சோறு தின்னச் சொல்லு." "உங்கப்பனுக்குச் சட்டை தொவச்சு வெச்சிருக்குது." சொந்தக்காரர்கள் வந்தால் அம்மா அவர் காதுபடச் சொல்லுவாள்: "மருந்து கேட்டுட்டு இருந்துச்சுங்க. சிரிக்க ஆரம்பிச்சுட்டான். இன்னொரு வருஷம் உட்டிருந்தா நடந்திருப்பான். காண்டிராக்டுக்கு ஆசைப்பட்டு இந்த மனுஷன்..." அப்பா துண்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவார்.

எனக்குக் கல்யாணம் பேசின சமயம். ஒருநாள் அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. அப்பாவின் பின்னாலேயே போனேன்.

"டாக்டர் சொன்னத நான் இன்னைக்கே அம்மாகிட்டச் சொல்லீர்றனுங்க. எப்படியும் பொழைக்க மாட்டான்னுதானே சொன்னாரு? நீங்க எதுக்கு இத்தனையும் வாங்கிக் கட்டிக்கறீங்க?"

அப்பா பீடியைப் பற்றவைத்து, அது அணைந்து, மறுபடி பற்றவைத்தார்.

"நான் குடுக்காம உட்டது உட்டதுதான் கண்ணு. அது மாறுமா?" பிறகு சொன்னார்: "அவளுக்குக் கோவிச்சுக்க நான் ஒருத்தன் இருக்கறேன். நானும் இல்லீன்னு வெய்யி, அவ யாரக் கோவிச்சுக்குவா? வயித்துல இருக்கறப்பவே ஆயிப்போச்சுன்னு தெரிஞ்சா, அவ வயித்தத்தான் கோவிச்சுக்குவா. டாக்டரு தப்பு யாரோடதும் இல்லீன்னு சொன்னாலும் கேப்பாளா?"

நான் சொல்லவில்லை.

போன வருஷம் அம்மா படுத்துவிட்டாள். என் வீட்டில், ஏசி ரூமில், நர்ஸ் வைத்துப் பார்த்தேன். எந்தப் பெண்ணும் தன் தாய்க்குச் செய்யாததைச் செய்தேன். கடைசி நாட்களில் அவளுக்கு யார் முகமும் பிடிபடவில்லை. ஒரு சாயங்காலம் அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு மட்டும் அடையாளம் தெரிந்தவள் மாதிரி அம்மா அவரை நேராகப் பார்த்தாள். ஆஸ்பத்திரிச் சுவரோரம் தொடங்கிய அந்த மௌனத்துக்குப் பிறகு, என் வழியாக இல்லாமல், அவரிடமே கேட்டாள்.

"ஏனுங்க, அந்த மருந்த உடாம குடுத்திருந்தா அவனுக்குத் தலை நின்னிருக்குமல்லங்க?"

இப்போதாவது சொல்லிவிடுவார் என்று நான் வாசலில் நின்றேன். அப்பா அவள் போர்வையை இழுத்துக் காலை மூடினார்.

"நின்னிருக்கும் புள்ள" என்றார். "நடந்தே இருப்பான். நான்தான் கெடுத்துப் போட்டேன்."

அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.